அப்பாவை யார் மன்னிப்பது?

கடந்த இரண்டு மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து பார்த்த படங்களில் ஐந்தைப் பற்றி மட்டும் இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன். திட்டம் போட்டு வரிசையாகப் பார்க்கவில்லை. ஒன்று சிங்கப்பூர்த் தமிழ்ப் படம், ஒன்று மலேசியத் தமிழ்ப் படம், ஒன்று சிங்கப்பூர்ச் சீனக் குடும்பத்தைப் பற்றியது, ஒன்று மதுரைப் பக்கம் எடுத்தது. ஐந்தாவது, 1948இல் இத்தாலியில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பார்த்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ஐந்திலும் ஓர் அப்பா இருக்கிறார், ஒரு சின்னப் பையன் இருக்கிறான், வீட்டில் பணம் இல்லை. பணம் இல்லாததன் வலி எப்படியோ சுற்றிச்சுற்றிக் கடைசியில் அந்தப் பையன் மேல் வந்து விழுகிறது.

வீட்டில் படம் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. நிறுத்தி வைக்கலாம். அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். தியேட்டரில் அது முடியாது, அங்கே இருட்டில் உட்கார்ந்து முழு அடியையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, வீட்டில் கூட உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவார்கள். இந்தப் படங்களுக்கு நடுவே நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: “அந்தக் காலத்துல எல்லா அப்பாவும் இப்படித்தான்.” அதற்கு ஒரு தம்பி வாக்கியமும் உண்டு: “அடிச்சு வளர்த்ததாலதான் நாமெல்லாம் உருப்பட்டோம்.”

இந்த இரண்டு வாக்கியங்களும் நம் வீடுகளில் மட்டும் இல்லை, நம் சிறுகதைகளிலும் இருக்கின்றன. தோட்டத்துக் கதை, குடிக்கிற அப்பா, ரோத்தான் அடி, பட்டினி. கடைசிப் பத்தியில் மகனுக்குக் காய்ச்சல் வரும். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், அல்லது மறைவாக நின்று அழுவார். அத்தோடு எல்லாம் சரியாகிவிடும். அப்படிப்பட்ட கதைகளைப் படித்து நானும் கண்கலங்கியிருக்கிறேன். ஆனால் இப்போது ஒரு கேள்வி விடாமல் வருகிறது. அந்த அப்பாவை மன்னித்தது யார்? பையனா, எழுதியவரா? இந்த ஐந்து படங்களையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

தமிழ்ச் சினிமாவின் பெரிய அப்பாக்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ (2005), கௌதம் மேனனின் ‘வாரணம் ஆயிரம்’ (2008) இரண்டிலும் அப்பா என்பவர் பிள்ளை திருப்பிக் கட்ட முடியாத ஒரு கடன். பிள்ளையின் வேலை நன்றி சொல்வது. நல்ல அப்பாக்களுக்கு அது பொருந்தும். நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாத அப்பாக்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘வாரணம் ஆயிரம்’ வந்த அதே 2008இல்தான் சிங்கப்பூரில் எரிக் கூ ‘மை மேஜிக்’ எடுத்தார். முக்கால்வாசி தமிழ் பேசும் படம். கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். நம்மில் பலர் இதை இன்னும் பார்த்ததில்லை, அது நமக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். பிரான்சிஸ் ஒருகாலத்தில் மேஜிக் செய்தவர். மனைவி கூட இல்லை. இப்போது ஓர் இரவு விடுதியில் துப்புரவு வேலை செய்கிறார், குடிக்கிறார். வீட்டில் மகன் ராஜு தனியாக இருக்கிறான். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பையன்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறான்.

பிரான்சிஸாக வரும் போஸ்கோ பிரான்சிஸ் நிஜத்திலும் மேஜிக் கலைஞர். அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் மெதுவாக நடப்பது, சட்டென்று குழந்தை மாதிரி சிரிப்பது எல்லாமே நம்பும்படி இருக்கிறது. பையனுக்காகப் பணம் சேர்க்க வேண்டும் என்று அவர் மறுபடி வித்தை காட்டத் தொடங்குகிறார். கண்ணாடியைத் தின்கிறார், சதையில் ஊசி குத்திக்கொள்கிறார். கேளிக்கைக்காரர்கள் காசு கொடுத்து அவர் வலியை வாங்குகிறார்கள். போகப்போக வலி கூடுகிறது, காசும் கூடுகிறது.

எனக்குப் பிரச்சினை இங்கேதான். படம் ஒவ்வொரு ஊசியையும் ஒரு தவணை மாதிரி வைக்கிறது. இவ்வளவு வலியைத் தாங்கிவிட்டார், இனி இவரை எப்படிக் கோபிப்பது என்று நம்மை ஒரு மூலைக்குத் தள்ளுகிறது. நாம் மன்னித்துவிடுகிறோம், சரி. ராஜு? அவனுக்குக் கோபப்படவே படம் நேரம் தரவில்லை. அவன் ரொம்ப நல்ல பையன், வயதுக்கு மீறிய பொறுமை. குடித்துவிட்டு வரும் அப்பாவோடு வளரும் பையனுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று படம் கேட்பதில்லை. அப்பாவும் மகனும் தனித்திருக்கும் கடைசிப் பகுதியில் நானும் உருகினேன். ஆனால் மறுநாள் யோசித்தால் நினைவில் நிற்பது பிரான்சிஸின் உடம்புதான், ராஜுவின் முகம் இல்லை. வசனங்களிலும் சில இடங்கள் வேறொரு மொழியில் யோசித்துவிட்டுத் தமிழில் சொன்ன மாதிரி கேட்கின்றன. அதையும் மீறி இந்தப் படம் மனதில் தங்குகிறது என்றால் அது போஸ்கோவால்தான்.

அடுத்தது, நம் நாட்டுப் படம். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015). தலைப்பே ஒரு நல்ல விமர்சனக் குறிப்பு. மலாயில் கெட்டவன் என்பதற்குள்ள சொல்லைத் தோட்டத்து வாய் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. சேட்டைக்காரப் பையனைப் பார்த்து “சரியான ஜகாட்டு” என்று சொல்லும்போது அதில் திட்டும் இருக்கும், கொஞ்சம் செல்லமும் இருக்கும். பையனை அப்படிக் கூப்பிட்டுக்கூப்பிட்டே அவனை அப்படி ஆக்கிவிடுவதும் அதில் இருக்கிறது.

கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு போட்டு வாழ்கிற காலம். அப்போய்க்குப் பன்னிரண்டு வயது. கற்பனை நிறைய, சேட்டையும் நிறைய. அப்பா மணியம் கூலித் தொழிலாளி. அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: படிக்கணும். படிக்காவிட்டால் அடி. அப்போயின் சித்தப்பாக்களில் மெக்சிகோ குண்டர் கும்பலில் இருக்கிறான், பாலா போதைப்பொருளில் சிக்கிச் சிதைந்தவன். மகன் எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதை மணியம் தினமும் தன் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார். அவர் அடியில் இருப்பது பயம்.

‘ஜகாட்’ அந்தப் பயத்துக்குச் சரித்திரம் சொல்கிறது. தோட்டம் போனது, வேலை போனது, இனி பள்ளிக்கூடம் ஒன்றுதான் கதவு என்று ஒரு தலைமுறை நம்பியது. இதையெல்லாம் சொன்ன பிறகும் படம் மணியத்தை விடுவிக்கவில்லை, அதுதான் இதன் பலம். ஒவ்வோர் அடியும் அப்போயை எங்கே தள்ளுகிறது என்று காட்டுகிறது. வீட்டில் ரோத்தான், பள்ளியிலும் அதே ரோத்தான். மெக்சிகோவிடம் போனால் மரியாதையும் சிரிப்பும் காசும் கிடைக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் எந்தப் பக்கம் போவான்? எந்தப் பள்ளத்துக்குப் பயந்து அப்பா அடித்தாரோ, அந்தப் பள்ளத்துக்கே அடி வழிகாட்டுகிறது. “அடிச்சு வளர்த்ததாலதான் உருப்பட்டோம்” என்று சொல்பவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம். உருப்பட்டவர்கள் மட்டும்தான் அந்த வாக்கியத்தைச் சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள். உருப்படாமல் போனவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. கும்பல் காட்சிகள் சில இடங்களில் தமிழ்நாட்டு ரவுடிப் படங்களின் நடையை எடுத்துக்கொள்கின்றன. அப்போயின் அம்மாவுக்குப் படத்தில் போதிய இடம் இல்லை, அடி விழும்போது பதறுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் மொழி! துணைத்தலைப்பைத் தேடாமல், மலாய்ச் சொற்கள் கலந்து நாம் பேசுகிற அதே தமிழைத் திரையில் கேட்பது தனிச் சந்தோஷம். இந்தப் படம் 2016இல், 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. அதற்கு முன்னால் பெரிய சண்டையே நடந்தது. தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப்பிரிவு என்று ஒதுக்கி வைத்ததைத் திரைத்துறையினரே எதிர்த்தார்கள், அதன் பிறகுதான் விதிகள் மாறின. ஜகாட் என்று பெயர் வாங்கியவன் வீட்டுக்குள் வர ஒரு சண்டை தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாவது படம் அந்தோணி சென்னின் ‘இலோ இலோ’ (2013), கான் விழாவில் அறிமுக இயக்குநருக்கான கேமரா டி’ஓர் விருது பெற்றது. 1997, ஆசியப் பொருளாதார நெருக்கடி. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு, வேலைக்குப் போகும் அப்பா அம்மா, அடங்காத மகன் ஜியாலே, பிலிப்பீன்சிலிருந்து வரும் பணிப்பெண் தெரேசா. அப்பாவுக்கு வேலை போகிறது. வீட்டில் சொல்லவில்லை. பங்குச்சந்தையில் பணமும் போகிறது, அதையும் சொல்லவில்லை. பிறகு ஒரு காவலாளி வேலை.

‘ஜகாட்’ பார்த்த சூட்டில் இதைப் பார்த்ததால் எனக்கு அடி எங்கிருந்து வரும் என்றே எதிர்பார்ப்பு இருந்தது. இங்கே அப்பா பிரம்பை எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் எடுக்கிறது. சக மாணவனை அடித்ததற்காக ஜியாலே எல்லா மாணவர்கள் முன்னிலையிலும் மேடையில் பிரம்படி வாங்குகிறான். மணியம் வீட்டில் கோபத்தோடு நடப்பது இங்கே ஒழுங்காக, விதிமுறைப்படி, ஒரு சடங்கு மாதிரி நடக்கிறது. யாருக்கும் கோபம்கூட இல்லை. அதனாலேயே இன்னும் கொடுமையாக இருந்தது. பலகை வீட்டு அப்பா அடித்தால் அது வன்முறை, மேடையில் அடித்தால் அது ஒழுக்கம் என்று நாம் எவ்வளவு சுலபமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்!

அந்த அப்பா மென்மையானவர், தோற்றவர். அவர் மகனிடம் எதற்கும் மன்னிப்புக் கேட்பதில்லை, படமும் கேட்க வைப்பதில்லை. கடைசியில் தெரேசா போன பிறகு, அவள் விட்டுப்போன வாக்மேனில் அப்பாவும் மகனும் சேர்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் புரியாத மொழியில் ஒரு பாட்டு. அந்த நேரத்துக்கு அவ்வளவுதான் முடியும் என்கிறது படம். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. ஒரு சின்ன மனக்குறையும் இருக்கிறது. அப்பாவையும் மகனையும் பக்கத்தில் உட்கார வைக்க ஒரு பணிப்பெண் வந்து, அன்பு காட்டி, வேலை போய், ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. அவளுக்கும் அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தக் கணக்கைப் படம் மறக்கவில்லை, ஆனால் அதிகம் தொடவும் இல்லை.

நான்காவது, பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021). ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். முக்கால் மணி நேரத்துக்குமேல் வெறும் வெயில். படத்தின் மொத்த நீளமே ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகாரக் கணபதி, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை இழுத்து வரக் கிளம்புகிறான். மகன் வேலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு போகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பி வர வைத்திருந்த பஸ் காசை வேலு கிழித்துப் போடுகிறான். அடி விழுகிறது. பிறகு இரண்டு பேரும் அந்தப் பொட்டல் வழியே வீடு வரைக்கும் நடக்கிறார்கள்.

வேலு காசைக் கிழிக்கும் இடத்தில் நிறுத்தி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ராஜுவுக்கு மறுக்கப்பட்ட கோபம் இந்தப் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் பேசுவது மிகக் குறைவு. அப்பாவுக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை அவனே முடிவு செய்கிறான். முன்னால் போகும் அப்பாவின் முதுகில் உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிச் சுடுகிறான். கையில் ஆயுதம் எதுவும் இல்லாத பையன் வானத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறான். அது விளையாட்டும்தான், பழிவாங்கலும்தான். பார்க்கிற நாம் சிரிக்கிறோம், உடனே பயப்படுகிறோம்.

தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் கிடக்கின்றன. ஒரு வசனமும் இல்லாமல், இந்த நடை இது முதல் முறை இல்லை என்று தெரிந்துவிடுகிறது. கணபதி ஏன் இப்படி ஆனான் என்று படம் சரித்திரம் சொல்வதில்லை. வெயில், வறட்சி, வேலையின்மை எல்லாம் பின்னணியில் இருக்கின்றன, அவனுக்கு வக்காலத்து வாங்க வருவதில்லை. எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தையும், கடைசியில் ஊற்றில் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து மொண்டு ஊற்றும் பெண்களையும் காட்டுகிறது. அதே வெயிலில்தான் அவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் யாரையும் அடிக்கவில்லை.

புகுந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே வந்ததிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று வினோத்ராஜ் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். இது தெரிந்த பிறகு படம் எனக்கு இன்னொரு மாதிரி ஆகிவிட்டது. நிஜத்தில் நடந்தது ஒரு பெண். படத்தில் அந்த நடையைக் கணபதிக்குக் கொடுத்துவிட்டார். நட, நடந்து பார் என்று. இது மன்னிப்பும் இல்லை, பழியும் இல்லை. ஒரு சகோதரன் செய்யக்கூடிய நியாயம்.

ஐந்தாவது, விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. உலகச் சினிமா என்று பேச ஆரம்பித்தாலே இதைச் சொல்வார்கள், அதனாலேயே நான் தள்ளிப் போட்டு வந்தேன். சைக்கிள் திருடுபோகிறது, அது இல்லையென்றால் சுவரொட்டி ஒட்டும் வேலை இல்லை, அப்பா அன்டோனியோவும் மகன் புரூனோவும் ரோம் நகரமெல்லாம் தேடுகிறார்கள். எல்லோரும் பேசுவது கடைசிக் காட்சியை. எனக்கு முக்கியமாகப் பட்டது நடுவில் விழும் ஓர் அறை.

தேடிப் போன கிழவர் கைநழுவிப் போனதும் புரூனோ ஏதோ சொல்லிவிடுகிறான். அப்பா பளாரென்று அறைகிறார். புரூனோ அழுகிறான், அம்மாவிடம் சொல்வேன் என்கிறான், பக்கத்தில் வர மறுக்கிறான். சாலையின் இன்னொரு பக்கமாகத் தள்ளித்தள்ளி நடக்கிறான். டி சிகா அந்தக் கோபத்துக்கு நேரம் ஒதுக்குகிறார். பிறகு ஆற்றில் யாரோ பையன் மூழ்கிவிட்டான் என்ற கூச்சல், அப்பாவின் பதற்றம், சமாதானத்துக்கு ஒரு உணவகம். நம் சிறுகதையாக இருந்தால் ஆற்றங்கரையிலேயே முடிந்திருக்கும். அப்பா பதறிவிட்டார், கணக்குத் தீர்ந்தது. இங்கே படம் அதற்குப் பிறகும் நடக்கிறது. அன்டோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருடி, மாட்டி, கூட்டத்தில் அடியும் அவமானமும் படுவதை மகன் பார்க்கிறான். சைக்கிள்காரர் புரூனோவின் முகத்தைப் பார்த்துத்தான் அவரை விட்டுவிடுகிறார்.

அப்புறம் புரூனோ அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். அது மன்னிப்பா, பயமா, கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்ற சின்னப்பிள்ளை உணர்வா, தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம், கை அவனுடையது. இயக்குநர் பிடித்து வைத்த கை மாதிரி இல்லை. முதலில் தள்ளி நடக்க விட்டதால்தான் பிறகு அவன் பக்கத்தில் வருவதை நம்ப முடிகிறது.

நேரம் குறைவாக இருப்பவர்கள் ‘கூழாங்கல்’லையும் இதையும் ஒரே இரவில் பார்த்துவிடுங்கள், மூன்று மணி நேரம் போதும். ‘ஜகாட்’டைத் தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் மூத்தவர்கள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நடுவில் பேசுவதையும் கேளுங்கள்.

ஐந்து படத்திலும் மையத்தில் இருப்பது மகன். அடி வாங்கிய மகளுக்கு அப்பாவின் முதுகில் வெயிலைத் திருப்பும் காட்சியை யாராவது எழுத வேண்டும், இங்கே, நம் அடுக்குமாடி வீடுகளையும் தாமான்களையும் வைத்து. அதை எழுதப்போகிறவர்கள் இதைப் படிக்கிறவர்களில்தான் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அப்பாக்களுக்குக் காரணம் சொல்லலாம், சரித்திரம் சொல்லலாம், அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லலாம், அதெல்லாம் எழுதுகிறவரின் வேலை. மன்னிப்பதற்கு மட்டும் எழுதுகிறவருக்கு உரிமை இல்லை, அது அடி வாங்கிய பிள்ளையிடம் இருக்கிறது. அடுத்த முறை ஒரு கதையின் கடைசிப் பத்தியில் அப்பா அழுதால், பிள்ளை எங்கே நிற்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.